லாபு தோட்டமும் செப்பாங் விமான நிலையமும்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சிலாங்கூரின் செப்பாங் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் கிழக்கு எல்லையிலிருந்து சிறிது தூரத்திலேயே நெகிரி செம்பிலான் தொடங்கிவிடும். சிரம்பான் மாவட்டத்தைச் சேர்ந்த லாபு, நீலாய் வட்டாரங்கள் அந்தப் பக்கம் விரிந்து கிடக்கின்றன. ரப்பருக்காகக் காடழித்து, பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனைக்கு மாறிய தோட்டங்கள் நிறைந்த பகுதி இது. லாபு தோட்டம், கெர்பி தோட்டம், பத்தாங் பெனார் தோட்டம் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன.

விமான நிலையம் வரும் இடங்களில் அக்கம்பக்கத்து மக்கள் ஊர்வலம் போவதும் மறியல் செய்வதும் நீதிமன்றப் படியேறுவதும் உலகெங்கும் நடப்பதுதான். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்த அளவுக்குப் பெரும் போராட்டம் எழவில்லை. வீடும் பிழைப்பும் பறிபோகும் அச்சம் அங்கேயும் இருந்தது. ஆனால் நிலப் பூசலில் ஒரு தரப்பாக நிற்பதற்குச் சட்டம் கேட்கும் தகுதி, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரமான கிராண்டு, தோட்ட மக்கள் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. இந்த ஒரு நிலைமைதான் செப்பாங் விமான நிலையத்தைச் சுற்றிய முப்பது ஆண்டு நில வரலாற்றைப் பெருமளவுக்குத் தீர்மானித்திருக்கிறது.

சுபாங்கில் 1965இல் திறக்கப்பட்ட விமான நிலையம் போதாது என்ற முடிவுக்குப் பிறகு, 1990களின் தொடக்கத்தில் செப்பாங் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 10,000 ஹெக்டர், அதாவது 100 சதுர கிலோமீட்டர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் வரை தாங்கும்படி எதிர்காலத்துக்கும் சேர்த்து வகுத்த அளவு அது. 1993இல் வேலை தொடங்கி, 1998 ஜூன் மாதம் நிலையம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா முனையத்தை வடிவமைத்தார். காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது அவருடைய கருத்து. ஆனால் அந்த இடத்தில் அதற்கு முன் இருந்தது பெரும்பாலும் தோட்டம். நிலையத்துக்கு ஒதுக்கிய நிலத்தில் கட்டடம் எழாத பரப்புகளில் பின்னரும் செம்பனை பயிரிடப்பட்டது. அதைக் கவனிப்பதற்கென்றே மலேசிய விமான நிலைய நிறுவனம் ஒரு வேளாண் துணை நிறுவனத்தை வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் போன பிறகும் தோட்டம் அங்கே தொடர்ந்தது என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

இவ்வளவு பெரிய நிலம் எளிதாகக் கிடைத்ததற்குத் தோட்டமுறையே காரணம். நூற்றுக்கணக்கான ஹெக்டர் ஒரே கம்பெனியின் பெயரில் ஒரே கிராண்டில் இருக்கும். ஆயிரம் சிறு விவசாயிகளிடம் பேச வேண்டிய இடத்தில் நாலைந்து நிர்வாகங்களிடம் பேசினால் போதும். அந்தக் கம்பெனிகளின் உடைமையும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் ஒரே காலைப் பொழுதில் வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ஆங்கிலேயத் துரைமார் ஆண்ட மற்றப் பெருந்தோட்டக் கம்பெனிகளும் அடுத்தடுத்து உள்நாட்டுக் கைக்கு வந்தன. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாகி, ஒரே பெரும் சைம் டார்பி உருவானது. இவ்வாறு நிலம் எடுக்கும் அரசும் நிலம் வைத்திருக்கும் நிறுவனமும் ஒரே குடும்பத்துக்குள் வந்தன. நாட்டுப் பொருளாதாரம் உள்நாட்டார் கைக்கு வந்தது நியாயமான மாற்றம்தான். ஆனால் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவருக்கு அந்த மாற்றம் ஒரு பிடி மண்ணையும் தரவில்லை.

விமான நிலையத்துக்காக வெளியேறியவர்களில் தோட்டத்தவர் மட்டும் இல்லை. செப்பாங் பகுதியில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடிகளும் இடம்பெயர்க்கப்பட்டு, கோலலங்காட் மாவட்டத்தின் புசுட் பாரு குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நிலையத்தை ஒட்டி வேறு திட்டங்களும் வந்தன. 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித்தடம் கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து விமான நிலையம் வரை 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமும் கொண்டதாக வகுக்கப்பட்டது. அதன் நடுவே நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்த இடம் பெராங் புசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த இடம். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. சுவரில் விரிசல் விட்ட அந்த வீடுகளுக்குப் பதிலாகத் தரைவீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. மாற்று வீட்டுத் திட்டம் அதற்குப் பிறகுதான் அசைந்தது. ஒரு தலைநகரையே சில ஆண்டுகளில் கட்டி முடித்த நாட்டில், அந்த நிலத்தில் உழைத்தவர்களின் வீட்டுக்கு ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்தது வேதனையான உண்மை.

இதற்கான வேர் சட்டத்தில் இருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது. நிலம் எடுப்பதற்கான நடைமுறையை 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. 1991இல் அந்தச் சட்டம் பெரிதும் விரிவாக்கப்பட்டது. பொதுக் காரியத்துக்கு மட்டுமல்லாமல், நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில அரசு கருதும் எந்தக் காரியத்துக்கும், தனியார் நிறுவனத்துக்காகவும் நிலம் எடுக்கலாம் என்றானது. எடுத்த நிலத்தைப் பிறகு வேறு வகையில் கைமாற்றினாலும் எடுப்பு செல்லாமல் போகாது என்ற 68ஏ பிரிவும் அப்போதுதான் சேர்ந்தது. இழப்பீட்டில் பங்கு கேட்கத் தகுதியுள்ள அக்கறையாளர் யார் என்று அதே சட்டத்தின் 2ஆவது பிரிவு வரையறுக்கிறது. இழப்பீட்டில் உரிமை கோரும் எவரும் அதில் அடங்குவர். ஆனால் உரிமையாளர் விரும்பும் வரை மட்டும் குடியிருப்பவர் அடங்கமாட்டார்.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் ஆள் தேவைப்பட்ட கம்பெனி, வேலைக்கு ஆள் அருகிலேயே இருக்க வேண்டும் என்று லயம் கட்டியது. வாடகை ஒப்பந்தமோ குத்தகைப் பத்திரமோ கிடையாது. வேலை நின்றால் வீடும் போகும். ஓய்வு பெற்ற தாத்தா, வேலை செய்யும் மகன், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டின் மீது மூவருக்கும் எழுத்தில் உரிமை இல்லை. ஆகவே நிலம் கைமாறும்போது நில எடுப்புச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது தொழில் சட்டத்தின் கீழான பணிநீக்கப் பலன் மட்டும்.

அந்தப் பலன் எவ்வளவு? 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் கூலி. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். இருபது ஆண்டு மரம் வெட்டியவருக்கு 400 நாள் கூலி வருகிறது. 2013இல் தீபகற்ப மலேசியாவுக்கு முதன்முதலாக வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட். அதை 26 வேலைநாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 35 ரிங்கிட். 400 நாளுக்கு 14,000 ரிங்கிட்டைத் தொடாது. 1998ஆம் ஆண்டின் கொள்கையிலேயே குறைந்த விலை வீட்டின் உச்ச விலை 42,000 ரிங்கிட் வரை நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டு உழைப்புக்கு ஈடாக வரும் தொகை ஒரு மலிவு வீட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட எட்டவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் வருவதற்கு முன், நாள் கூலியும் மழைநாள் இழப்பும் இருந்த 1990களில் வேலை இழந்தவர்களின் நிலை இதைவிட மோசம்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர்கள் இருந்தார்கள். 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்கு விடையாகத்தான் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரராகி, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தாங்களே வாங்குவது அதன் திட்டம். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தோட்டமக்கள் நிலத்தின் பேரேட்டில் பெயர் பதித்த மிகச் சில முயற்சிகளில் அது ஒன்று. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ பிரிக்கவோ கூடாது என்ற தடை பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவாக நுழைந்தது. 1970களில் தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டமும் அரசால் அறிவிக்கப்பட்டது. நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் அது மிகச் சில தோட்டங்களில்தான் வீடாக முடிந்தது. விமான நிலையம் வரும்போது பெரும்பாலான தோட்டங்களில் லயம் லயமாகவே இருந்தது.

தோட்டமக்களின் நிலையைத் தெமுவான் மக்களின் நிலையோடு ஒப்பிட்டால் சட்டத் தகுதி என்ன மாற்றத்தைச் செய்யும் என்பது விளங்கும். விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995இல் டிங்கிலை அடுத்த கம்போங் புக்கிட் தம்போயில் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த 23 தெமுவான் குடும்பங்களுக்கு வீட்டுக்கும் பழமரத்துக்கும் பயிருக்கும் மட்டும் பணம் கொடுக்கப்பட்டது. நிலத்துக்கு எதுவும் இல்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம் அவ்வளவைத்தான் தரச் சொல்கிறது என்பது அரசின் வாதம். சாகோங் பின் தாசி முதலிய ஏழு பேர் சிலாங்கூர் அரசு, கூட்டரசு அரசு, நெடுஞ்சாலை வாரியம், சாலை போட்ட நிறுவனம் ஆகிய நான்கு தரப்பின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். மொழி, வழக்கம், நிலத்தோடு இடைவிடாத தொடர்பு ஆகியவற்றை அவர்கள் சாட்சியத்தால் நிறுவினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பயிரிட்ட நிலத்தில் அவர்களுக்குப் பொதுச் சட்டத்தின்படியே உரிமை உண்டு, ஆகவே நில எடுப்புச் சட்டத்தின்படி நிலத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு அது. 2008 பொதுத்தேர்தலில் சிலாங்கூரில் ஆட்சி மாறிய பிறகு மாநில அரசு தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. 2010இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிலம் போய்ப் பதினைந்து ஆண்டு கழிந்திருந்தது.

விமான நிலையத்தை ஒட்டிய நில வழக்குகளில் பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான். இதே தர்க்கம் தோட்டத் தமிழருக்குப் பொருந்தாது. காலனி ஆட்சிக்கு முன்பிருந்தே நிலத்தோடு இருந்த உறவைத்தான் பொதுச் சட்டம் பூர்வகுடி உரிமையாக ஏற்றுக்கொள்கிறது. கம்பெனி அழைத்துவந்து கம்பெனி நிலத்தில் குடியமர்த்திய தொழிலாளி நூறு ஆண்டு இருந்தாலும், உரிமையாளரின் அனுமதியோடு இருந்தவராகவே கருதப்படுகிறார். காட்டை அழித்து வடிகால் வெட்டிக் கன்று நட்டு அந்த நிலத்துக்கு விலை வரச் செய்தவர்கள் அவர்கள். அந்த விலையில் அவர்களுக்குப் பங்கு என்ற கருத்தை மலேசியச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. இது சட்டத்தின் பெருங்குறை.

இந்தப் பின்னணியில்தான் லாபுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2006 மார்ச்சில் செப்பாங்கில் மலிவு விமானப் பயணத்துக்கென்று ஒரு தனி முனையம் திறக்கப்பட்டது. ஏர் ஆசியாவின் வேகமான வளர்ச்சியில் அது சில ஆண்டுகளிலேயே நெரிசலுக்கு உள்ளானது. மலேசிய விமான நிலைய நிறுவனம் புதிய முனையத்தைக் கட்டித் தரும் வரை காத்திருக்க ஏர் ஆசியா விரும்பவில்லை. சைம் டார்பியோடு சேர்ந்து, நெகிரி செம்பிலானில் சைம் டார்பிக்குச் சொந்தமான லாபு தோட்ட நிலத்தில் முழுக்கத் தனியார் பணத்தில் ஒரு விமான நிலையம் கட்டும் திட்டத்தை முன்வைத்தது. ஏறக்குறைய 160 கோடி ரிங்கிட் செலவு, ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள், 2011இல் திறப்பு என்பவை திட்டத்தின் முக்கிய அளவுகள். செப்பாங் நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். 2008 இறுதியில் கூட்டரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2009 ஜனவரி தொடக்கத்தில் செய்தி வெளியாகி நாடெங்கும் விவாதம் எழுந்தது.

நெகிரி செம்பிலான் அரசு திட்டத்தை ஆவலோடு வரவேற்றது. மலேசிய அரசியலமைப்பின்படி வான்போக்குவரத்து கூட்டரசின் பட்டியலிலும் நிலம் மாநிலத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாகவோ தொழில் நிலமாகவோ வகை மாற்றும்போது மாநிலத்துக்குப் பிரிமியம் கிடைக்கும், நிலவரியும் கூடும். வருவாய் வழிகள் குறைந்த மாநிலத்துக்கு அது பெரிய ஈர்ப்பு. சிலாங்கூரில் நிற்கும் விமான நிலையத்தின் பலன் தன் எல்லைக்குள்ளும் வரட்டும் என்று மாநிலம் விரும்பியதில் வியப்பில்லை.

எதிர்ப்பு வேறு பக்கங்களிலிருந்து வந்தது. செப்பாங்கில் 10,000 ஹெக்டர் இருக்கும்போது, பெரும்பகுதி இன்னும் கட்டப்படாமல் கிடக்கும்போது, பக்கத்திலேயே இன்னொன்று எதற்கு என்று முன்னாள் பிரதமர் மகாதீர் முதல் எதிர்க்கட்சியினர் வரை கேட்டார்கள். இவ்வளவு அருகில் இரண்டு நிலையங்கள் இயங்கினால் விமானப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் என்ற பாதுகாப்புக் கவலையும் இருந்தது. அரசுக்குப் பங்குள்ள விமான நிலைய நிறுவனத்தின் வருவாய் பிளவுபடும் என்பது இன்னொரு கணக்கு. ஜனவரி மாத இறுதியிலேயே கூட்டரசு பின்வாங்கியது. லாபு திட்டம் கைவிடப்பட்டது. செப்பாங் எல்லைக்குள்ளேயே நிரந்தர மலிவுக்கட்டண முனையம் கட்டுவது என்று முடிவானது. அதுவே 2014 மே 2ஆம் தேதி திறக்கப்பட்ட இரண்டாவது முனையம். தொடக்கத்தில் 200 கோடி ரிங்கிட்டுக்குள் மதிப்பிடப்பட்ட செலவு, முடியும்போது 400 கோடியை எட்டியிருந்தது. மூன்றாவது ஓடுதளமும் அதோடு சேர்ந்து வந்தது.

ஒரு மாத விவாதத்தில் வான்வெளி, பயணிகள் எண்ணிக்கை, கட்டணம், நிறுவனங்களின் ஏகபோகம், இரு மாநிலங்களின் நலன் எல்லாம் அலசப்பட்டன. லாபு தோட்டத்தில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள், பள்ளி எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் முக்கிய இடம் கிடைக்கவில்லை. நிலம் ஒரே கம்பெனியுடையது, கம்பெனியே திட்டத்தின் பங்காளி. எனவே நில எடுப்புக்கான அறிவிப்போ விசாரணையோகூடத் தேவைப்பட்டிருக்காது. கட்டாயமாக நிலம் எடுத்தால் குறைந்தபட்சம் ஓர் அரசாணையும் நில அதிகாரியின் விசாரணையும் நடக்கும். உரிமையாளரே விருப்பத்தோடு மாற்றினால் அதுவும் இல்லை. திட்டம் நின்றதும் மக்களின் எதிர்ப்பால் அல்ல என்பதால், தோட்டத்துக் குடியிருப்பாளரின் உரிமை குறித்து அதிலிருந்து எந்த முன்மாதிரியும் பிறக்கவில்லை.

விமான நிலையம் லாபுவுக்குள் வரவில்லை; ஆனால் அதன் நில மதிப்பு வந்துவிட்டது. நெகிரி செம்பிலான் எல்லைக்குள், விமான நிலையத்தை ஒட்டி, ஹஜ் பயண நிதியமான தாபோங் ஹாஜியின் சொத்து நிறுவனம் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பண்டார் என்ஸ்டெக் நகரை எழுப்பியது. தொழிற்பேட்டையும் அனைத்துலகப் பள்ளியும் அங்கே வந்தன. நீலாய் தோட்டங்களின் இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் நிறைந்தன. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைச் சேர்த்து 1,50,000 ஹெக்டருக்கும் மேலாக மலேசிய விஷன் வேலி என்ற வளர்ச்சித் திட்டம் வகுக்கப்பட்டது. சைம் டார்பியின் தோட்ட நிலங்கள் அதன் முதுகெலும்பு. 2017இல் சைம் டார்பி தோட்டம், சொத்து முதலிய தனி நிறுவனங்களாகப் பிரிந்தபோது நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதே அதன் எதிர்காலத்தைச் சொல்லக்கூடிய குறிப்பானது. செப்பாங் பக்கம் 2016இல் ஏரோபோலிஸ் திட்டம் தொடங்கப்பட்டு, பேரங்காடியும் சரக்கு மையங்களும் வளர்ந்தன. ஓடுதளத்தைவிட இந்த இரண்டாவது அலைதான் தோட்டங்களை அதிகம் விழுங்கியிருக்கிறது. ஒரு டன் குலையின் விலையைப் பார்த்து வைத்திருந்த நிலத்தைச் சதுர அடி விலையில் பார்க்கத் தொடங்கிய நிர்வாகத்துக்கு, மறுநடவு செய்வதா விற்பதா என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

விமானச் சத்தத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். செப்பாங் ஓடுதளங்கள் வடமேற்கு–தென்கிழக்காக அமைந்தவை. இறங்கும் ஏறும் பாதைகள் அந்த இரு முனைகளின் நீட்சியில்தான் அடர்த்தியாக இருக்கும். நேர் கிழக்கே இருக்கும் லாபு அந்தக் கோட்டில் விழுவதில்லை. தென்கிழக்கு முனைக்கு நேரான பகுதிகளுக்குத்தான் இரைச்சல் அதிகம். விமான இரைச்சலை இயந்திரத்திலேயே குறைத்தல், சுற்றுநிலத்தின் பயன்பாட்டைத் திட்டமிடல், பறக்கும் முறையை மாற்றுதல், இயக்கக் கட்டுப்பாடு என்ற நான்கு வழிகளையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறையை அனைத்துலக வான்போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்றது. இரண்டாவது வழிக்குத் தோட்டம் போல ஏற்ற நிலப்பயன் வேறில்லை. செம்பனைக்கு இரைச்சல் தொல்லை இல்லை. விமான நிலையத்துக்கு நல்ல அண்டைநிலமாக இருக்கும் அதே தோட்டம், வீடமைப்புப் பகுதியாக மாறும்போது இரைச்சல் புகார் எழும் நிலமாகிறது. சுபாங்கில் 2024 ஆகஸ்டு முதல் ஜெட் விமானங்கள் திரும்பியபோது அக்கம்பக்கத்து நகர்ப்புறக் குடியிருப்பாளர்கள் உடனே குரல் எழுப்பினார்கள். அவர்களுக்கு வீட்டுப் பத்திரம் உண்டு, குடியிருப்போர் சங்கம் உண்டு, சட்டமன்ற உறுப்பினர் காது கொடுப்பார்.

தோட்டம் நகரமானால் முதலில் நிலை குலைபவை கோயிலும் பள்ளியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படிப் பிறந்த பள்ளிகள் தோட்டத்து மண்ணில் தோட்டத்தின் பெயரோடு நின்றன. பள்ளி அரசின் கல்வி முறைக்குள் வந்த பிறகும் நிலம் கம்பெனியுடையதாகவே இருந்ததால், பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன; புதுக் கட்டடத்துக்கு நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். லாபு தோட்டத்தின் முதல் பிரிவிலும் நான்காம் பிரிவிலும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தது அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய குடியிருப்பாக இருந்தது என்பதைக் காட்டும். தொழிலாளர் நகரத்துக்குப் போக, அவர்கள் இடத்தில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர் வர, தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை விழுந்தது. பெருகும் நகரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளி இருப்பதில்லை. ஆளற்ற தோட்டத்தில் பள்ளி இருக்கிறது. உரிமத்தை நகரத்துக்கு மாற்றி, வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து நிலம் பெற்றுப் பள்ளியைப் பிழைக்க வைப்பதே பெற்றோர் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் பெரும் வேலையாகியிருக்கிறது. கோயிலுக்கு அப்படியோர் உரிமமும் இல்லை. நூறு ஆண்டு பூசை நடந்த மாரியம்மன் கோயிலுக்கும் நிலப்பதிவில் தனி இடம் பெரும்பாலும் கிடையாது.

நிலம் கையில் உள்ளவர்கள் எப்படிப் போராட முடியும் என்பதற்கு ஜப்பானின் நரித்தா முதல் சான்று. 1966இல் அமைச்சரவை சன்ரிசுகா விவசாயிகளைக் கேட்காமல் இடத்தைத் தீர்மானித்தது. நிலத்தின் ஒரு பகுதி அரச குடும்பத்துப் பண்ணை என்பதால் எளிதாக முடியும் என்று எண்ணினார்கள். விவசாயிகளும் மாணவர்களும் எதிர்த்து நின்றார்கள். 1971 செப்டம்பர் மோதலில் மூன்று காவலர்கள் உயிரிழந்தனர். 1978 மார்ச்சில் திறப்பதற்கு நாள் குறித்த பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரம் தாக்கப்பட்டு, மே மாதம்தான் நிலையம் திறந்தது. விற்க மறுத்தவர்களின் துண்டு நிலங்கள் இடையில் நின்றதால் இரண்டாவது ஓடுதளம் 2002இல் திட்டமிட்ட நீளத்தைவிடக் குறைவாக, 2,180 மீட்டரில் திறக்கப்பட்டது. 2009இல்தான் அது 2,500 மீட்டரானது. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் 2022இல் அறிவிக்கப்பட்ட விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடினார்கள்; கிராம சபைத் தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள்; 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். வயலும் வீடும் அவர்களுடைய பட்டாவில் இருக்கின்றன. கூடிப் பேச ஒரு கிராம சபை இருக்கிறது. மலேசியத் தோட்டத்தில் இரண்டும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தன. தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டு அமைப்புகளும் தோட்டத்து வாசலோடு நின்றன.

இன்றுள்ள திட்டமிடல் சட்டத்தில் தோட்ட மக்களுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் சில. 1976ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புத் திட்டமிடல் சட்டம், கட்டமைப்புத் திட்டத்தையும் வட்டாரத் திட்டத்தையும் மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. லாபுவும் நீலாயும் எந்த நிறத்தில் வரைபடத்தில் வருகின்றன என்பது தீர்மானிக்கப்படும் கட்டம் அது. செம்பனைத் தோட்டம் வரைபடத்தில் நிறம் மாறிய பிறகு எழுப்பும் எதிர்ப்புக்குப் பலம் குறைவு. வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்து உரிமையாளருக்கு அறிவித்து அவருடைய ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. குடியிருப்பாளர் அங்கேயும் வெளியே நிற்கிறார். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987இல் வந்த உத்தரவு, 2,500 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஓடுதளத்தோடு கட்டும் விமான நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. விரிவான மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களில் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கருத்துச் சொல்வதற்கு நில உரிமை கேட்கப்படுவதில்லை. தோட்டத்துக் குடியிருப்பாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், தோட்டத் தொழிலாளர் சங்கம் எல்லாரும் எழுத்தில் கருத்துத் தரலாம். ஆனால் அறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. கருத்துக் காலம் வாரக்கணக்கில்தான் இருக்கிறது. நில எடுப்புச் சட்டத்தின் 2ஆவது பிரிவு மாறாமல் இருக்கும் வரை, அந்தக் கருத்து இழப்பீட்டுக்கான உரிமையாக மாறாது.